பலகையில போட்டுக்கோங்க

"கல்லு வைக்கக்கூடாது. வேணும்னா பலகையில போட்டுக்கோங்க."

தோட்ட ஆபிசில் எங்களுக்குக் கிடைத்த அனுமதி இந்த ரெண்டு வசனம்தான். எழுத்தில் எதுவும் தரவில்லை. அப்பா கொண்டுபோன கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் சொன்னது: "சரின்னுட்டாங்க." மலையகத்தில் 'சரின்னுட்டாங்க' என்பதற்கு எத்தனை அர்த்தம் இருக்கு என்று தனியாக ஒரு அகராதி போடலாம்.

இது 2024 ஜனவரியில். ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் போகிற ரோட்டை விட்டு மேலே ஏறினால் எங்கள் லயம். ஒரே கூரை, பன்னிரண்டு வீடு. எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் புகை பிடித்த குசினி. அப்பாயி, அப்பா, அம்மா, நான், தங்கச்சி, தம்பி, ஆக ஆறு பேர். தங்கச்சிக்கு அந்த வருசம் ஏ.எல். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பக்கத்து வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் ஓடுகிற நாடகத்தில் மாமியார் மருமகளைத் திட்டினால், இந்தப் பக்கம் தங்கச்சியின் இரசாயனவியல் புத்தகத்தில் விழும். அவள் இஸ்தோப்பில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிப்பாள். ஒன்பது மணிக்கு மேல் பனி இறங்கினால் அதுவும் முடியாது.

அதனால்தான் கொட்டில். பத்தடிக்கு எட்டடி. ஒரு மேசை, ஒரு பல்ப், ஒரு மூலையில் மண்வெட்டி, முள்ளு, விதைக்கிழங்கு. கடிதத்தில் இரண்டையும்தான் எழுதியிருந்தோம், "பிள்ளை படிக்கவும் சாமான் வைக்கவும்" என்று.

கல்லு வைக்கக்கூடாது என்பது ஏன்? யாரும் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும். லயம் நம்முடையது இல்லை, நிலம் நம்முடையது இல்லை. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992ல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. அவர்களுடைய குத்தகை 53 வருசம், 2045 வரைக்கும். இந்த மாற்றம் ஒன்றிலும் லயத்தில் இருக்கிறவரின் பெயர் எந்த உறுதியிலும் ஏறவில்லை. புளொக் கல்லில் சீமெந்து பூசி ஒரு சுவர் எழுப்பினால் அது 'நிரந்தரம்'. நிரந்தரமாக ஒன்று நின்றால் நாளைக்கு அதைக் காட்டி ஒருவர் உரிமை கேட்கலாம். பலகைக்கு அந்தப் பயம் இல்லை. பலகை 'தற்காலிகம்'. உடைக்கச் சொன்னால் ஒரு காலைப்பொழுதில் உடைத்துவிடலாம்.

உடைக்கவும் செய்வார்கள். 2023 ஓகஸ்ட்டில் மாத்தளை ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையைத் தோட்ட அதிகாரி உடைக்கிற வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது நினைவிருக்கும். அந்த மாதம்தான் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, இருநூறு வருசத்தை நினைத்து, நம் ஆட்கள் நடந்து முடித்திருந்தார்கள். நடை போய்ச் சேர்ந்த அதே மாவட்டத்தில் அந்தக் குடிசை விழுந்தது. ஆபிஸ் வாசலில் அப்பா நின்றபோது அவருக்கு அந்த வீடியோ கண்ணுக்குள் ஓடியிருக்கும். எனக்கு ஓடியது.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. மரம் என்றால் தற்காலிகம் என்று யார் சொன்னது? கம்பளைக்குப் பக்கத்தில் எம்பெக்கே தேவாலயம் இருக்கிறது. கம்பளை இராசதானிக் காலத்தது, 14ஆம் நூற்றாண்டு. அதன் மரத்தூண்களைப் பார்க்க உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருகிறார்கள். அங்கே ஒரு இடத்தில் கூரையின் 26 கைமரங்களையும் ஒரேயொரு பெரிய மர ஆப்பு கவ்விப் பிடித்திருக்கிறது. பதுளை மாவட்டத்தில் போகொட மரப்பாலம் இருக்கு. பாலத்துக்கே ஓட்டுக்கூரை போட்டிருப்பார்கள். நடக்கிற ஆள் நனையக்கூடாது என்பதற்காக மட்டும் இல்லை அந்தக் கூரை, மரம் நனையக்கூடாது என்பதற்கும்தான். மழை கொட்டுகிற நார்வேயில் போர்குண்ட் என்ற ஊரில் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டின ஒரு மரத் தேவாலயம் இன்றைக்கும் நிற்கிறது. தூண்களை மண்ணில் புதைக்காமல் கல்லுக்கு மேல் கிடத்தின சட்டத்தில் நிறுத்தினார்கள், பலகைக்குத் தார் பூசினார்கள். அவ்வளவுதான் இரகசியம். மண்ணைத் தொடாமல், தலைக்கு மேல் கூரையோடு, நனைந்தாலும் காய வழியோடு இருக்கிற மரம் மனுசரைவிட அதிகம் வாழும். அதைத் தற்காலிகமாக்குவது மழையில்லை, பேப்பர்.

நுவரெலியா டவுனில் இதற்கு இன்னொரு வேடிக்கை. கிராண்ட் ஹோட்டல் மாதிரிக் கட்டடங்களின் வெள்ளைச் சுவரில் கறுப்பாக மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். இங்கிலாந்தின் பழைய வீடுகளில் அந்தச் சட்டம்தான் வீட்டையே தாங்கும், நடுவில் மண்ணோ செங்கல்லோ அடைப்பு மட்டும். பிறகு வந்தவர்கள் அதைப் பெரும்பாலும் அழகுக்காகச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். ஊர் ஞாபகம் வந்திருக்கும், பாவம். ஆக, துரைமார் பொழுதுபோக்குக்கு வரைந்த சட்டத்தை நாங்கள் அனுமதி இல்லாத காரணத்தால் உண்மையாகவே கட்டப் போனோம்.

கட்டினது சித்தப்பா. நாங்கள் எல்லாரும் கையாள். சித்தப்பா பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய் மாடிக்கட்டடங்களில் கொங்கிரீட் வார்ப்பதற்குப் பலகை அடிக்கிற வேலை செய்தவர். "நான் அடிச்ச பலகையெல்லாம் கழட்டி எறியத்தான் அடிச்சேன். நிக்கிறதுக்குன்னு இதுதான் மொத தடவை" என்றார். 

இடம் முதல் பிரச்சினை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் காண் ஒன்று ஓடும், அதைத் தாண்டினால் நிலம் சரிந்து மரக்கறித் தோட்டத்துக்கு இறங்கும். எட்டடிக்குள் கிட்டத்தட்ட இரண்டரை அடி சரிவு. வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், மேல் பக்கத்து மண்ணை நெட்டுக்கு வெட்டி, கீழ்ப் பக்கம் கொட்டி, சமனாக்கி, அதற்கு மேல் கட்டுவார்கள். வெட்டின மேட்டுக்கு அணை கட்ட யாரிடம் காசு? இரண்டு மழையில் அது பிளந்து நிற்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மேல் மலையே இறங்கியதற்கும் ஒரு கொட்டிலுக்கு வெட்டுகிற மண்ணுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அன்றிலிருந்து அம்மா மண்வெட்டிச் சத்தம் மேட்டுப்பக்கம் கேட்டாலே வெளியே வந்து பார்ப்பார். "மண்ணத் தொடாம கட்டு, இல்லாட்டி கட்டாத" என்று சொல்லிவிட்டார்.

மண்ணைத் தொடாமல் கட்டுவதற்கு மரத்தைவிட நல்லது ஒன்றுமில்லை. புளொக் சுவருக்குச் சமதளம் வேணும், அத்திவாரம் வேணும். மரச்சட்டத்துக்குக் கால் போதும். ஆறு கால், நாலுக்கு நாலு. மேல் பக்கத்து மூன்றும் குட்டை, கீழ்ப் பக்கத்து மூன்றும் நெட்டை. ஓஸ் பைப்பில் தண்ணி நிறைத்து இரண்டு முனையையும் பிடித்து மட்டம் பார்த்தோம். பெயிண்ட் வாளியை அச்சாக வைத்து ஆறு கொங்கிரீட் பாதம் வார்த்து, குழியில் இறக்கி, மண்ணுக்கு மேல் ஆறு அங்குலம் தெரிய விட்டோம். கல்லு வைக்கக்கூடாது என்றார்கள். வாளியில் வார்த்தது கல்லா இல்லையா என்று ஒரு நாள் இரவு வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. அப்பாயி தீர்ப்பு சொன்னார்: "அது கால்லு. கல்லு இல்ல." ஒவ்வொரு பாதத்துக்கும் மேல் பழைய லொறி டியூப்பில் வெட்டின ரப்பர் துண்டு. கொங்கிரீட் தண்ணி உறிஞ்சும், அது காலின் அடிக்கு ஏறக்கூடாது.

மரம் கதை தனி. நம்மைச் சுற்றி மரம்தான். தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கிற சவுக்கு, மேட்டில் வரிசையாக யூக்கலிப்டஸ், ஸ்டோருக்கு விறகாகப் போவது அதுதான். எல்லாம் கண்ணால் பார்க்கிற மரம். தோட்டத்து மரத்தில் கை வைக்க முடியாது, மரத்தை ரோட்டில் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். அதனால் டவுனில் மில்லுக்குப் போய், ரசீதோடு வாங்கினோம். சட்டத்துக்கு யூக்கலிப்டஸ் நாலுக்கு ரெண்டு. பலகைக்கு, மரத்தை அறுக்கிறபோது முதலில் வெளிப்பக்கத்திலிருந்து வருகிற மலிவுப் பலகை. அதன் ஓரத்தை மட்டும் நேராக அறுத்துத் தரச் சொன்னோம். பட்டை ஒட்டியிருந்ததை எல்லாம் வீட்டில் உட்கார்ந்து கத்தியால் உரித்தோம். பட்டைக்கு அடியில்தான் வண்டு குடியிருக்கும், உரிக்காமல் அடித்தால் இரண்டு வருசத்தில் உளுத்து மாவாகக் கொட்டும்.

எவ்வளவு பலகை வேண்டும் என்ற கணக்கைத் தம்பி போட்டான். முன் சுவர் எட்டடி உயரம், பின் சுவர் ஏழடி. நாலு பக்கமும் சேர்த்து 270 சதுர அடி. கதவும் இரண்டு ஜன்னலும் கழித்தால் 240. பலகை ஆறு அங்குல அகலம். ஆனால் ஒரு பலகை கீழே இருக்கிற பலகைக்கு மேல் ஒன்றே கால் அங்குலம் ஏறி நிற்க வேண்டும், ஓடு அடுக்குகிற மாதிரி. அப்போது ஒரு பலகை மூடுவது நாலே முக்கால் அங்குலம்தான். 606 அடி நீளம் வருகிறது. சேதாரத்தோடு 670. இதைப் படிக்கிற யாராவது கட்டப் போனால் சுவரின் சதுர அடியை மட்டும் பார்த்துப் பலகை வாங்காதீர்கள், ஏறி நிற்கிற அளவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

மில்லிலிருந்து வந்த மரம் பச்சை. கையை வைத்தால் ஈரம். யூக்கலிப்டஸ் காயும்போது சுருங்கும், முறுக்கும், முனை வெடிக்கும். கோபக்கார மரம். ஆறு அங்குலப் பலகை காய்ந்தால் அரை அங்குலம் வரைக்கும் குறையலாம். ஒன்றே கால் அங்குலம் ஏற்றி வைத்ததன் காரணம் அதுதான், சுருங்கின பிறகும் முக்கால் அங்குலம் மிச்சம் நிற்கும். பலகைகளை லயத்து ஓரத்தில் கூரைக்கு அடியில் அடுக்கினோம். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு அங்குலக் குச்சி, மேலே பாரத்துக்குக் கருங்கல், முனைகளில் மிச்சமிருந்த பெயிண்ட். ஜனவரி, பெப்ரவரி எங்கள் பக்கம் வெயில் காலம், இரவில் பனி. இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. தினம் காலையில் பெரட்டுக்குப் போகிறபோது அம்மா ஒரு பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். காய்ந்த பலகை வேறு மாதிரி சத்தம் போடும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவருக்கு இது கஷ்டமா?

சட்டம் ஏற்றுகிற நாளில்தான் சண்டை.

சித்தப்பா ஒரு பை நிறைய போல்ட்டும் நட்டும் வாங்கி வந்திருந்தார். நாலு சுவரையும் நாலு தனிச் சட்டமாகத் தரையில் கிடத்திச் செய்து, தூக்கி நிறுத்தி, மூலைகளைப் போல்ட்டால் இறுக்குவது அவர் திட்டம். "நாளைக்கு கழட்டச் சொன்னா ஸ்பேனர் போதும். நாலு பேர் இருந்தா சுவரு சுவரா தூக்கிக்கிட்டுப் போயிறலாம்." அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "கழட்டுறதுக்கா தம்பி கட்டுறோம்?" என்றார். ஆறு அங்குல ஆணியை அடித்து, முனையை மடித்து, பிரிக்கவே முடியாதபடி செய்ய வேண்டும் என்பது அவருக்கு. "உடைக்கணும்னா உடைக்கட்டும். நானா கழட்டிக் குடுக்க மாட்டேன்."

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் கஷ்டம். அப்பாவின் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்கு எல்லாமே கழட்டி எடுத்துப் போகிற மாதிரிதான் இருந்திருக்கிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அப்பாயியின் அண்ணன் குடும்பம் ட்ரங்குப் பெட்டியோடு தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனது. அப்பாயி இன்றைக்கும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில்தான் வைத்திருப்பார், அலுமாரியில் வைக்க மாட்டார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த ஒருவர் ஒரு சட்டத்தையாவது ஆணியடித்து நிறுத்தணும் என்று நினைப்பதில் என்ன தப்பு? சித்தப்பாவோ உடைந்ததைப் பார்த்தவர். உடைத்தால் மரம் விறகு. கழட்டினால் மரம் மரமாகவே இருக்கும், எங்கே போனாலும் அங்கே ஒரு கொட்டில் நிற்கும். நான் சித்தப்பா பக்கம். போல்ட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, மரம் காயக் காயச் சுருங்கி மூட்டு தளரும். ஆணி தளர்ந்தால் தளர்ந்ததுதான், போல்ட்டைத் திரும்ப இறுக்கலாம். இதை நான் சொன்னபோது அப்பா கொஞ்சநேரம் போல்ட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பேனரைக் கேட்டு வாங்கினார். மூலை எட்டையும் அவரே இறுக்கினார். இறுக்கினார் என்றால் அப்படி இறுக்கினார், வொஷர் மரத்துக்குள்ளேயே போய்விட்டது.

நாலு சட்டமும் நின்ற பிறகு தம்பி ஒரு மூலையைப் பிடித்து ஆட்டினான். மொத்தக் கொட்டிலும் ஊஞ்சல் மாதிரி சாய்ந்து திரும்பி வந்தது. அம்மா "ஐயோ" என்று குசினியிலிருந்து ஓடி வந்தார். சித்தப்பா சிரித்துக்கொண்டே ஒரு நாலுக்கு ரெண்டை எடுத்து ஒரு சுவரில் கீழ் மூலைக்கும் மேல் மூலைக்கும் குறுக்காக வைத்து ஆணியடித்தார். "இப்ப ஆட்டு." ஆடவில்லை. நாலு பக்கம் உள்ள சட்டம் எத்தனை ஆணி அடித்தாலும் சாயும், மூன்று பக்கம் உள்ளது சாய முடியாது. ஒன்பதாம் வகுப்பில் கேத்திர கணிதத்தில் முக்கோணம் முக்கோணமாக வரைந்தபோது இதை ஒருவராவது காட்டியிருக்கலாம். குறுக்குக் கட்டை அடிக்கிறதுக்கு முன்னால் மூலை சதுரமா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஆறடி, மறு பக்கத்தில் எட்டடி குறித்து, அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் சரியாகப் பத்தடி வந்தால் மூலை சதுரம். பிறகு தரைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவா என்று ஒரு தடவை. எங்களுக்குப் பன்னிரண்டு அடி பத்து அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக, இரண்டும் ஒன்றாகவே வந்தது.

பலகை அடித்ததில் பாதி நான். மார்ச் மாதம் முழுக்க ஞாயிறும், மற்ற நாட்களில் நாலரைக்கு மேலேயும். லயமே வந்து வேடிக்கை பார்த்தது. "பொம்பளப் புள்ள ஏணியில ஏறி ஆணி அடிக்குது" என்று ஒரு மாமா சொன்னார். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்து மலையில் ஏறி இருபது கிலோ கொழுந்தோடு இறங்குகிற பொம்பளைகள் இருக்கிற ஊரில் ஏணி ஒரு விஷயமா என்று அம்மா கேட்டதும் அவர் பேச்சை மாற்றிக்கொண்டார்.

கீழிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் பலகைக்கு அடியில் ஒரு மெல்லிய ரீப்பர், அது இருந்தால்தான் முதல் பலகையும் மற்றவை மாதிரி சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு ஆணி. அதுவும் கீழ்ப் பலகையின் தலைக்குக் கொஞ்சம் மேலே, அதைத் துளைக்காமல். இரண்டு பலகையையும் சேர்த்து ஒரே ஆணியில் அடித்துவிட்டால் சுருங்க இடமில்லாமல் நடுவில் பிளந்துவிடும். காய்ந்த யூக்கலிப்டஸில் ஆணி நேராக இறங்காது, வளையும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முதலில் சின்னத் துளை. ஆயிரம் துளைக்கு மேல் போட்டிருப்பேன், கடன் வாங்கின டிரில்லர் சூடாகி நின்றுவிடும், நாங்களும் நின்று தேத்தண்ணி குடிப்போம். உள்பக்கம் பலகை அடிக்கவில்லை. சித்தப்பாவுக்கு அது காசு மிச்சம். எனக்கு வேறு காரணம்: நனைந்த பலகைக்கு முதுகுப்பக்கம் காத்துப் பட வேண்டும்.

ஆணி நாகம் பூசினதுதான் வாங்கினோம், கொஞ்சம் விலை கூட. ஒரு பக்கத்துக்கு மட்டும் கடையில் இருப்பு இல்லாமல் சாதாரண ஆணி. முதல் மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒவ்வொரு ஆணிக்குக் கீழேயும் ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. துரு என்றால் சிவப்பாகத்தானே இருக்கணும்? தங்கச்சிதான் சொன்னாள், மரத்தில் இருக்கிற தனின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும் என்று. அம்மா தன் விரலை நீட்டிக் காட்டினார். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல், கவ்வாத்துக் கத்தியிலும் அதே கறுப்பு. தேயிலையிலும் அதே குடும்பத்துச் சாமான்தான். இரசாயனவியலை அம்மா முப்பது வருசமாகக் கையில் வைத்திருக்கிறார், பேர்தான் தெரியாது.

கூரைக்கு லயத்திலிருந்து முன்பு கழட்டின பழைய தகரம் கொஞ்சம், புதுசு நாலு. புதுத் தகரம் ஒன்று அம்மாவின் மூன்று நாள் பேருக்குச் சமம், அப்போது சம்பளம் ஆயிரம் ரூபாய். (1350 ஆனது அந்த வருசம் பிற்பகுதியில்தான்.) குடையாணியை மேட்டு மடிப்பில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணி அந்த வழியாகவே வரும். நாலு பக்கமும் தகரம் ஒன்றரை அடி வெளியே நீள விட்டோம். பணம் குறைவாக இருக்கிறபோது முதலில் வெட்டத் தோன்றுவது இந்த ஒன்றரை அடியைத்தான். வெட்டக்கூடாது. பலகையின் ஆயுள் பெயிண்டில் இல்லை, இந்த நீட்டத்தில்தான் இருக்கு. கைமரங்களை வளையோடு கம்பியால் முறுக்கிக் கட்டினோம், ஜூன், ஜூலைக் காத்துக்காக.

கொட்டிலுக்கும் லயத்துக்கும் நடுவில் ஏழடி இடைவெளி. மழையில் ஓட வேண்டியிருக்கே, ஒட்டியே கட்டியிருக்கலாமே என்று பலரும் கேட்டார்கள். லயத்தில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு வீட்டில் வயர் உருகினால் ஒரே கூரைக்கு அடியில் பத்து, இருபது குடும்பம் ரோட்டில் நிற்கும். மரக்கொட்டிலைச் சுவரோடு ஒட்டினால் அந்த நெருப்புக்கு நாமே விறகு அடுக்கிக் கொடுத்த மாதிரி. வயரைப் பைப்புக்குள் விட்டு, தனியாக ஒரு டிரிப் சுவிட்ச் போட்டோம். உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் கிடையாது. கரண்ட் போனால் படிப்பும் போகும்.

ஏப்ரல் புது வருசத்துக்கு முன்னால் தங்கச்சி மேசையைக் கொண்டுபோய் உள்ளே போட்டாள். முதல் நாள் அவள் படிக்கவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு சத்தமும் இல்லக்கா" என்றாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து கதவு சாத்தின ஒரு இடத்தில் தனியாக இருந்ததில்லை. பல்கலைக்கழக விடுதிக்குப் போன முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஜூனில் காத்தோடு மழை பக்கவாட்டில் அடித்தபோது மேற்குப் பக்கச் சுவரின் உள்பக்கத்தில் மூன்று இடத்தில் ஈரம் தெரிந்தது, சொட்டவில்லை. சுருங்கின பலகைகளில் இரண்டு நடுவில் கொஞ்சம் வளைந்து வாயைத் திறந்திருந்தது, அதற்குப் பின்னால் ஒரு ரீப்பர் வைத்து இழுத்தோம். போல்ட் எல்லாம் ஒரு சுற்று தளர்ந்திருந்தது, அப்பா இறுக்கினார். நவம்பர் 25ல் பரீட்சை தொடங்கியது. தொடங்கின இரண்டாவது நாளே நாடு முழுக்க வெள்ளம், பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். டிசம்பரில் திரும்பத் தொடங்குகிற வரைக்கும் அவள் அந்தக் கொட்டிலுக்குள்ளேதான் இருந்தாள். தகரத்தில் மழை கொட்டினால் பேச்சே கேட்காது. அம்மா குடையோடு போய் தேத்தண்ணி வைத்துவிட்டு, தூண் நின்ற மண்ணில் வெடிப்பு ஏதும் இருக்கா என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருவார். ரிசல்ட் என்ன என்று கேட்காதீர்கள். அது அவளுடைய கட்டுரை.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் வந்து பத்தாயிரம் வீடு என்று சொன்ன மேடைக்கு அப்பாவும் போயிருந்தார். ஏழு பேர்ச் காணி, தனி வீடு, 550 சதுர அடி, பல தோட்டங்களில் வந்திருக்கிறது. பார்த்திருக்கிறேன், நல்லாவே இருக்கு. எங்கள் பிரிவுக்கு இன்னும் பட்டியல் வரவில்லை. வந்தால் அந்த ஏழு பேர்ச்சுக்கு இந்தக் கொட்டிலை எடுத்துப் போகலாம் என்று சித்தப்பா சொல்கிறார். அப்பா அதற்குப் பதில் சொல்வதில்லை. போன வருசம் ஆபிசிலிருந்து ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார், பாதத்தைக் காலால் தட்டினார், "பலகைதானே?" என்று கேட்டார். பலகைதான் என்றோம். குறிப்பில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

இந்த ஜனவரியில் கீழ்ப் பக்கத்தில் முதல் பலகையை மாற்ற வேண்டியிருந்தது. கூரைத் தண்ணி தரையில் விழுந்து தெறிக்கிற இடம் அது, மண்ணிலிருந்து பத்து அங்குலம் மேலே இருந்தும் ஓரம் மெத்தென்று ஆகிவிட்டது. ஒரு ஆணி வரிசையைப் பிடுங்கி, புதுப் பலகையைச் செருகினோம், அரை நாள் வேலை. தண்ணி விழுகிற இடத்தில் சரளைக்கல் கொட்டிவிட்டோம். இப்போது பழைய பலகை எல்லாம் சாம்பல் நிறம், புதுசு மட்டும் சிவப்பாகத் தெரிகிறது.

வேலை செய்துகொண்டிருந்தபோது மூன்றாவது வீட்டு அக்கா வந்து நின்றார். அவங்க மகன் இப்போது பத்தாம் வகுப்பு. கையில் தையல் டேப் ஒன்று கொண்டுவந்திருந்தார்.

"எத்தன அடிம்மா இது?"

"பத்துக்கு எட்டு அக்கா."

சுவரோரமாக டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "பன்னெண்டு போட ஏலாதா?"